ஐசில்டா வீட்டுப் புதன்கிழமை

கிட்ட வந்து இருங்கோ தம்பி. இன்னும் கொஞ்சம் கிட்ட. இந்த பஸ் இரையுற இரைச்சலில நான் சொல்லுறது அரைவாசி உங்களிட்டை வந்து சேராது. பையைக் காலுக்கிடையில வையுங்கோ. ஓம், அப்பிடி. நீங்கள் போனில, "வைக்கிறன், பேந்து எடுக்கிறன்" எண்டு சொன்னது கேட்டது. வடமராச்சிதானே? பாத்தியளோ! அந்தப் "பேந்து" வந்த விதத்திலயே பிடிச்சன். நான் உரும்பிராய். படிப்பு அஞ்சாம் வகுப்பு. காது மட்டும் எம்.ஏ.

ஊரில எனக்குத் தொழில் ஸ்பீக்கர் கட்டுறது. கோயிலோ கலியாணவீடோ, எங்கயாவது ஒரு குழாய் கொரகொரத்தால், எந்த வயர் தொட்டும் தொடாமலும் கிடக்கெண்டு தூரத்தில நிண்டே சொல்லுவன். அப்பிடிப்பட்ட காதை வைச்சுக்கொண்டு நான் ஏமாந்தனான் தம்பி. அந்தக் கதையைத்தான் சொல்லப்போறன். ஏமாத்தினது வேற ஆருமில்லை. என்ர மனுசி. தையல்நாயகி எண்டு பேர். ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை, ஒரு வருசமும் ரெண்டு மாசமும் ஏமாத்தினவ. அவ போய் இப்ப எட்டு மாசம். செத்த மனுசியை நான் குறை சொல்லேல்ல. நடந்ததைச் சொல்லுறன். ஏமாத்தினதோ இல்லையோ எண்டு நீங்களே சொல்லுங்கோ.

எங்களுக்கு ஒரே ஒரு மகள். சுகிர்தா. சுகி எண்டு கூப்பிடுவம். சண்டைக்குள்ள தனிய வெளிக்கிட்டு வந்து, கடையில நிண்டு, படிச்சு, எங்கள் ரெண்டு பேரையும் இஞ்ச லண்டனுக்குக் கூப்பிட்டவள். கெட்டிக்காரி. தாய் மாதிரி. நான் இல்லையெண்டு சொல்லேல்ல.

அப்ப நாங்கள் இஞ்ச வந்து நாலு வருசம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு நிக்கிறன். பின்னால வந்து நிண்டாள்.

"அப்பா, நான் ஒருத்தரைக் கட்டப்போறன்."

"ஆரை?"

"டெவன் எண்டு பேர்."

"அது எந்த ஊர்ப் பேர்?"

"பிறந்தது இஞ்சதான். தாய் ஜமேக்கா."

நான் கையைத் துடைச்சன். அவ்வளவுதான். அடிக்கேல்ல தம்பி. கத்தேல்ல. ஆரையும் கேட்டுப் பாருங்கோ, அருளம்பலம் சத்தம் போட்டவரோ எண்டு. நான் ஒண்டும் சொல்லேல்ல. கதையை நிப்பாட்டினன். எங்கட பக்கத்தில உள்ளதுதானே, உங்கட பக்கத்திலயும் இருக்கும். நன்மை தின்மை இல்லையெண்டால் இல்லை. கலியாணத்துக்கும் போறேல்ல, செத்தவீட்டுக்கும் போறேல்ல. அந்த வீட்டில ஒரு வாய் தண்ணி குடிக்கிறேல்ல. தண்ணி குடிச்சால் வாயால ஒத்துக்கொண்டது மாதிரி. சாப்பிட்டால் கையெழுத்துப் போட்டது மாதிரி. கலியாண காட் அனுப்பினவள். நான் கிழிக்கக்கூட இல்லை. அலுமாரிக்கு மேல வைச்சன். கிழிக்கிற தேப்பன்மாரும் இருக்கினம்.

அப்பிடியே பதினொரு வருசம்.

பேந்து மனுசிக்குக் கிட்னி பழுதாப்போச்சு. கிழமைக்கு மூண்டு நாள் ஆசுப்பத்திரியில மெசினில படுத்து ரத்தம் சுத்தம் செய்யவேணும். செவ்வாய், வியாழன், சனி. ஆசுப்பத்திரி வான் வந்து ஏத்திக்கொண்டு போகும், இறக்கிவிடும். நான் போறேல்ல. எனக்கு அந்த மெசின்ர சத்தம் பிடிக்காது. ஒரே சுருதியில அழுதுகொண்டிருக்கும்.

ஒரு நாள் வந்து சப்பாத்தைக் கழட்டிக்கொண்டு சொன்னா: "இஞ்சருங்கோ, நான் கண்ணை மூடுறதுக்கு முதல் நீங்கள் அவளோட ஒரு வார்த்தை கதைக்கவேணும். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

நான் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைச்சன். நியூஸ் போய்க்கொண்டிருந்தது.

அதுக்குப் பிறகு அவ அந்தக் கதையே எடுக்கேல்ல. அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேணும். என்ர மனுசி கேட்டது கிடையாமல் பேசாமல் இருக்கிற பிறவியில்லை. ரெண்டு கிழமை கழிச்சு, சோறு போட்டுத் தந்துகொண்டு சொல்லுறா:

"எனக்குப் பக்கத்து மெசினில ஒரு மனுசி வாறவ. ஐசில்டா எண்டு பேர். ஜமேக்கா. ரீவியில முந்தி வந்த பகிடி நாடகமெல்லாம் கசெற்றில பிடிச்சு வைச்சிருக்கிறாவாம். எல்லாம் அவையின்ர ஆக்கள் நடிச்சது. வாற புதன் ரெண்டு பேரையும் வரட்டாம்."

"கறுவலின்ர வீட்டில எனக்கென்ன வேலை?"

"பாத்றூமில கண்ணாடி கிடக்கு. ஒருக்காப் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்கோ."

அவவின்ர வாய் அப்பிடி. சரி, வருத்தக்கார மனுசி கேக்கிறா எண்டு போனன். ஏன் புதன் எண்டு நான் யோசிக்கேல்ல. மூண்டு நாள் மெசின். ஞாயிறு அந்த மனுசிக்குச் சேர்ச். திங்களும் வெள்ளியும் நான் மச்சம் மாமிசம் தொடாத நாள். மிஞ்சினது புதன். ஒரு மனுசனைச் சாப்பிட வைக்கவேணுமெண்டால் விரதமில்லாத நாளாத்தானே பாக்கவேணும். இது எனக்கு ஓடி வெளிச்சது எல்லாம் முடிஞ்ச பிறகு.

ஐசில்டா நல்ல உயரம். என்னைவிட நாலு வயசு கூட. ஆனால் நடை என்னைவிட விறுக்கு. கதவைத் திறந்து, "மிஸ்டர் அம்பலம்!" எண்டா. அருளை விட்டுட்டா. முன்னறையில கொண்டுபோய் இருத்தினா. சோபாவுக்குப் பிளாஸ்ரிக் உறை, ரீவிக்கு மேல பின்னல் துணி, அதுக்கு மேல கண்ணாடி மீன். தம்பி, எங்கட ஆக்களின்ர ஹோல் தோத்துப்போகும். சுவரில ஒரு இடத்தில மட்டும் பேப்பர் வெளிறாமல், சதுரமா, புதுசு மாதிரிக் கிடந்தது. மேல ஒரு ஆணி.

"உதில என்ன இருந்தது?" எண்டு மனுசியைக் கேட்டன்.

"மணிக்கூடு. திருத்தக் குடுத்திருக்காம்."

ஒரு வருசமாத் திருத்தின மணிக்கூடு தம்பி அது! ஒவ்வொரு புதனும் பாத்தனான். ஒவ்வொரு புதனும் திருத்தி முடியேல்ல.

நான் சொல்லவந்தது படத்தை. நாப்பது வருசத்துக்கு முந்தின படம். இந்த லண்டனிலதான், ஒரு ஜமேக்கா வீட்டில நடக்கிற கதை. தகப்பன் ஸ்ரேசனில ரிக்கற் பாக்கிறவர். வீட்டுக்குள்ளயும் தொப்பி கழட்டமாட்டார். எனக்கு அவையின்ர பேர் வாயில வராது, அதால அவருக்கு நான் கந்தப்பர் எண்டு பேர் வைச்சன். அவற்ற மனுசிக்கு அன்னம்மா. அன்னம்மாவின்ர தமையன் ஒருத்தர் ஓசிச் சாப்பாட்டுக்கு வருவார், அவருக்குச் சங்கூதி. ஒரு மகளும் இருந்தாள். அவளுக்குப் பேர் வைக்கேல்ல. பெட்டை எண்டு சொல்லுவன். கந்தப்பர் வீட்டில ஒரு முன்னறை. அதைப் பூட்டித் திறப்பைச் சட்டைப்பையில வைச்சிருப்பார். பாதிரியார் வந்தால் மட்டும்தான் திறபடும். பெத்த பிள்ளையும் அதுக்குள்ள இருக்கேலாது.

எனக்கு இங்கிலீசு விளங்காது. மனுசி காதுக்குள்ள சொல்லிக்கொண்டு வருவா. அவவுக்குத் தெரிஞ்சது பத்துச் சொல்லு. பத்துச் சொல்லை வைச்சுக்கொண்டு இவ எப்பிடி இவ்வளவு வடிவாச் சொல்லுறா எண்டு நான் ஒருநாளும் யோசிக்கேல்ல. சில இடத்தில ஆள் வாய் திறக்க முதலே சொல்லிப்போடுவா.

அதில சிரிப்புச் சத்தம் இருக்கும் தம்பி. ஆக்களைக் கூப்பிட்டு இருத்திவைச்சு எடுத்த படம்போல. சனம் சிரிக்கேக்க நானும் சிரிக்கப் பழகினன். ரெண்டு மாசத்தில எனக்கு அந்தச் சனத்தையே தெரியும். ஒரு ஆள் வாத்து மாதிரிச் சிரிப்பார். ஒரு மனுசி, எல்லாரும் சிரிச்சு ஓய, தனியச் சிரிப்பா. பாவம், வேலை முடிஞ்சு களைச்சு வந்திருந்திருப்பா, பகிடி போய்ச்சேர நேரம் எடுத்திருக்கும். ஐசில்டாவுக்கு இதைச் சைகையில சொன்னன். அவ கசெற்றைத் திருப்பிப் போட்டுக் கேட்டுட்டு என்ர தோளில ஒரு அடி போட்டா. நாப்பது வருசமா வைச்சிருக்கிறாவாம், அந்த மனுசியைக் கேக்கேல்லையாம்!

முதல் ரெண்டு புதனும் நான் ஒண்டும் வாயில வைக்கேல்ல. பசிக்கேல்ல எண்டன். மூண்டாம் புதன் மீன் பொரிச்சு, மேல வினாகிரியும் வெங்காயமும் மிளகாயும் வதக்கிப் போட்டுக் கொண்டுவந்தா. பக்கத்தில சுட்ட ஈரப்பலாக்காய். ஈரப்பலாக்காய் தம்பி! லண்டனில! நான் மனுசன்தானே. சாப்பிட்டன். மனுசி என்னைப் பாத்தா, ஐசில்டாவைப் பாத்தா, பிறகு குனிஞ்சு நிலத்தைப் பாத்தா. அதுக்குப் பிறகு ஒரு புதனும் விடேல்ல. ஆட்டிறைச்சி, பணிசுக்குள்ள சீஸ் வைச்சு, இஞ்சி போட்ட ஒரு தண்ணி. ஐசில்டாவும் எங்களோட இருந்து வாழைக்காய்ப் பொரியல் கோப்பை கோப்பையாச் சாப்பிடுவா. என்ர மனுசிக்கு டொக்டர் வாழைக்காயைக் கண்ணால பாக்கக் கூடாதெண்டு சொன்னவர். "உந்த மனுசிக்கும் கிட்னி பழுதெல்லோ?" எண்டு கேட்டன். "ஒவ்வொரு உடம்பு ஒவ்வொரு மாதிரி" எண்டா. நானும் தலையை ஆட்டினன்.

ஒரு நாள் கந்தப்பருக்குப் பெட்டையோட கோவம். ஏனெண்டு மறந்துபோனன். சாப்பாட்டு மேசையில பெட்டை பக்கத்திலதான் இருக்கிறாள். உப்பு அவளின்ர கைக்குக் கிட்ட. கந்தப்பர் அன்னம்மாவைப் பாத்துச் சொல்லுறார், "உன்ர மகளிட்டைச் சொல்லு, உப்பு வேணுமாம்." அன்னம்மா சங்கூதியிட்டைச் சொல்ல, சங்கூதி பெட்டையிட்டைச் சொல்ல, உப்பு மேசையைச் சுத்தி எல்லாற்ற கையாலயும் போய்க் கந்தப்பரிட்டை வருது. வர, உப்பு முடிஞ்சுபோச்சு! ஆளாளுக்குப் போட்டுட்டினம்! நான் சிரிச்ச சிரிப்பில எனக்குப் புரையேறிப்போச்சு.

"எப்பிடிப்பட்ட விசரன் பாருமன்! பக்கத்தில இருக்கிற பிள்ளையிட்டை உப்புக் கேக்க வாயில்லை! இவனும் ஒரு தேப்பன்!"

மனுசி படத்தைப் பாக்கேல்ல. என்ர முகத்தைப் பாத்துக்கொண்டிருந்தா. ஏதோ சொல்ல வாயெடுத்தா. அப்ப ஐசில்டா அவவின்ர முழங்காலில கையை வைச்சு, "சும்மா இரு" எண்டா.

தமிழில.

நான் திரும்பிப் பாத்தன். எங்கட மனுசி பழக்கியிருக்கிறா எண்டு நினைச்சன். ஆனால் தம்பி, எங்கட மனுசி "சும்மா இரும்" எண்டுதான் சொல்லுவா. இது "இரூ" எண்டு கடைசியில ஒரு சின்ன இழுவை. அந்த இழுவை எனக்குத் தெரியும். எங்க கேட்டது எண்டுதான் பிடிபடேல்ல. வீட்டை வந்து படுத்தும் அது காதுக்குள்ள நிண்டது. பிறகு விட்டுட்டன்.

மாரி முடியேக்க மனுசிக்குக் கடுமையாப் போச்சு. நடக்கேலாது. எண்டாலும் புதன் எண்டால் வெளிக்கிட்டிடுவா. கடைசியா நாங்கள் ரெண்டு பேரும் சேந்து போன புதன், கந்தப்பரின்ர பெட்டை வீட்டை விட்டுப் போறாள். பெட்டி கட்டிக்கொண்டு படியால இறங்கி வாறாள். அன்னம்மா அழுறா. சங்கூதி, வாழ்க்கையில முதல்முதலா, சாப்பாட்டை வைச்சிட்டு எழும்புறார். கந்தப்பரைக் காணேல்ல. அவர் முன்னறைக்குள்ள போய்ப் பூட்டிக்கொண்டு, தொப்பியோட, அந்தப் பிளாஸ்ரிக் சோபாவில நட்டுவைச்ச மாதிரி இருக்கிறார். பெட்டை கதவுக்கு வெளியில நிக்கிறாள். தட்டேல்ல. கொஞ்சநேரம் நிண்டுட்டுப் போறாள். வாசல் கதவு சாத்துற சத்தம். கந்தப்பர் அசையேல்ல.

அங்க சனம் சிரிக்கேல்ல தம்பி. வாத்துக்காரர் இல்லை. பிந்திச் சிரிக்கிற மனுசி இல்லை. ஒரு இருமல்கூட இல்லை.

"என்ன, சத்தத்தைக் காணேல்ல? கசெற் பழுதோ?" எண்டு கேட்டன்.

"இல்லை" எண்டா மனுசி. "சனம் சரியாத்தான் இருக்குது."

அடுத்த கசெற்றில மிச்சக் கதை எண்டு ஐசில்டா காட்டினா. அடுத்த புதனுக்கு எண்டு விட்டுட்டு வந்தம். அந்தச் சனிக்கிழமை மெசினில வைச்சே மனுசிக்கு மூச்சு முட்டி, அங்கயே வாட்டில மறிச்சுப்போட்டினம். திங்கள் டொக்டர் என்னைக் கூப்பிட்டு ஒரு தமிழ்ப் பிள்ளையை வைச்சுச் சொன்னார். இனி மெசின் தாங்காதாம். நாள் கணக்காம்.

அண்டைக்கு மனுசி ஒரு சொல்லும் சுகியைப் பற்றிக் கேக்கேல்ல. நான் எதிர்பாத்துக்கொண்டிருந்தன். கேட்டால் என்ன சொல்லுறது எண்டுகூட யோசிச்சு வைச்சிருந்தன். உங்களிட்டை மறைப்பானேன், அண்டைக்கு, அந்தக் கை கழுவின ஞாயிறு, நான் ஒரு சொல்லுச் சொன்னனான்தான். "நான் செத்தாலும் வரப்படாது, கொம்மா செத்தாலும் வரப்படாது" எண்டு. கோவத்தில சொல்லுறதுதானே. எல்லாத் தேப்பன்மாரும் சொல்லுறது. அதைப் போய் ஒரு பிள்ளை பன்ரண்டு வருசம் மனசில வைச்சிருக்கிறதோ?

மனுசி கேட்டது வேற. "நாளைக்கழிச்சுப் புதன். நீங்கள் போங்கோ."

"எங்க?"

"ஐசில்டாவிட்டை. மிச்சத்தைப் பாத்துட்டு நேர இஞ்ச வந்து எனக்குச் சொல்லுங்கோ. கந்தப்பர் என்ன செய்தார் எண்டு தெரியாமல் நான் போகக்கூடாது."

சாகக்கிடக்கிற மனுசி பகிடி நாடகத்துக்கு மிச்சம் கேக்கிறா. நான் என்ன செய்ய? போனன். தனியப் போனன். இதே பஸ்தான். பெல் அடிச்சன். உள்ளுக்குள்ள இருந்து நடந்து வாற சத்தம் கேட்டது. ஐசில்டாவின்ர நடை இல்லை. குதியை ஊண்டாமல் வாற நடை. எனக்குக் கதவு திறக்க முதலே தெரிஞ்சுபோச்சு.

சுகி. வீட்டுச் செருப்பு, மேல ஒரு ஏப்ரன். தலையில முன்பக்கம் நரை. நாப்பது வயசில என்ர பிள்ளைக்கு நரை. அவளுக்குப் பின்னால சுவர் தெரியுது. அந்தச் சதுரத்தில அண்டைக்குப் படம் கொழுவிக்கிடக்கு. கலியாணப் படம்.

"அப்பா, உள்ள வாங்கோ" எண்டாள்.

எனக்கு முதல் வந்தது என்ன தெரியுமோ? ஈரப்பலாக்காய். இவ்வளவு நாளும் நான் சம்பந்தி வீட்டில சாப்பிட்டிருக்கிறன். ஒரு வருசமும் ரெண்டு மாசமும், என்னட்டைக் கேளாமல், என்ர கையெழுத்தை வேண்டிப்போட்டுதுகள். மூண்டு பொம்பிளையளும் சேந்து.

நான் திரும்பி நடந்தன். அவள் பின்னால வரேல்ல. கதவும் சாத்துப்படேல்ல. தெருமுனை போய்ச் சேருமட்டும் காதைக் குடுத்துக்கொண்டு போனன், சாத்துற சத்தம் கேக்கவே இல்லை.

நீங்கள் எங்க இறங்கவேணும்? இன்னும் நாலு ஸ்ரொப்போ? காணும், அதுக்குள்ள சொல்லி முடிச்சிடுவன்.

மனுசி அண்டைக்குப் பிறகு மூண்டு நாள் கிடந்தவ. கண் திறக்கேல்ல. சுகி வந்து பக்கத்தில இருந்தவள், அவவுக்குத் தெரிஞ்சுதோ தெரியாது. செத்தவீட்டில ஆர் நிண்டது எண்டு கேக்கிறியளோ? எல்லாரும் நிண்டவை. டெவன் எண்டவர் பெட்டியின்ர முன்பக்கம் காவினவர். நல்ல பெலமான ஆள், நல்லாத்தான் காவினவர். அந்த நாளுகளிலதான் சுகி எனக்கு ஒவ்வொண்டாச் சொன்னது. ஐசில்டாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை, கிட்னி கல்லு மாதிரியாம். கசெற் முழுக்கவும் மனுசி எனக்கு முதலே, மெசினுக்குப் போற நாளுகளில அங்க போய் இருந்து பாத்து முடிச்சிட்டாவாம். சுகிதான் தமிழில சொல்லிக்குடுத்தவளாம். அந்தத் தகப்பனைக் கண்ட உடன, "உவரை எனக்குத் தெரியும்" எண்டு எழும்பி நிண்டவவாம். எனக்கு இண்டைக்கும் விளங்கேல்ல, கந்தப்பரை இவவுக்கு எப்பிடித் தெரியும் எண்டு.

இப்பவும் புதனில நான் போறன். ஐசில்டா தனிய மனுசி, பாவம். ஆனால் அந்த ஒரு கசெற்றை மட்டும் போடவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன். கந்தப்பர் உண்மையா என்ன செய்தார் எண்டு எனக்குத் தெரியாது. கேக்கவும் மாட்டன்.

நான் சொல்லவந்தது அதில்லை. அந்தப் புதன், நான் அந்த வாசலில இருந்து நேர ஆசுப்பத்திரிக்குப் போனது. போகாமல் விடேலாது, மனுசி காத்துக்கொண்டிருப்பா. பஸ் முழுக்க யோசிச்சன், ஏன் ஏமாத்தினனீர் எண்டு கேக்கவேணும். நாலு சொல்லு நறுக்காக் கேக்கவேணும். போய்ப் பாத்தால், கட்டிலில இவ்வளவுதான் ஆள். போர்வைக்குள்ள ஒரு பிள்ளை கிடக்கிற மாதிரி. கையைப் போர்வைக்குள்ள வைச்சுக்கொண்டு, என்னைக் கண்ட உடன கேட்டா:

"பாத்தனீங்களோ?"

என்ர வாயில, "ஓம்" எண்டு வந்திட்டுது.

"பெட்டை போயிட்டாள். பிறகு கந்தப்பர் என்ன செய்தவர்?"

கதிரையை இழுத்துப்போட்டு இருந்தன். "கனநேரம் அப்பிடியே இருந்தார்."

"பிறகு?"

"பிறகு... எழும்பினார். தொப்பியைக் கழட்டினார்."

"கழட்டினவரோ!"

"கழட்டிப்போட்டு பஸ் எடுத்தார்."

"பஸ்ஸோ? அவர் ரெயில் ஆளெல்லோ?"

"அண்டைக்கு ரெயில் ஓடேல்ல."

"சரி. பஸ் எடுத்து?"

"பெட்டை இருக்கிற வீட்டை போனார். பெல் அடிச்சார்."

"ஆர் வந்து திறந்தது?"

"சுகி" எண்டன். பெட்டை எண்டு சொல்ல வந்தனான், வாய் பிசகிப்போச்சு. மனுசி திருத்தேல்ல. கண்ணை மூடிக்கொண்டு கேட்டா.

"உள்ள போனவரோ?"

தம்பி, நான் பொய் சொல்லுற ஆளில்லை. ஆனால் அது படக் கதைதானே. "போனவர்" எண்டன்.

"சப்பாத்தைக் கழட்டினவரோ?"

"கழட்டினவர்."

"அவள் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தவளோ?"

"குடுத்தவள்."

"குடிச்சவரோ?"

யன்னலைப் பாத்தன். வெளியில ஒரு வான் ரிவேஸ் எடுத்துக்கொண்டிருந்தது. அவ அவசரப்படேல்ல. காத்துக்கொண்டு கிடந்தா.

"குடிச்சவர்" எண்டன். "குடிச்சுப்போட்டு, சீனி காணாது, இன்னும் கொஞ்சம் போடு எண்டவர்."

அப்பதான் அந்தச் சத்தம் கேட்டது. ஏதோ மெசின் எண்டு நினைச்சன். இல்லை. மெசினுக்கு மூச்சு இல்லை. மூக்கால வாற சத்தம், வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு அழுறது. சின்னனில அடி வேண்டினால் சுகி அப்பிடித்தான் அழுவாள், எனக்குக் கேக்கக்கூடாது எண்டு. அது மனுசியின்ர வாயில இருந்து வரேல்ல. போர்வைக்குள்ள இருந்து வருது.

மனுசி கண்ணைத் திறந்தா. போர்வைக்குள்ள இருந்து கையை எடுத்தா. கையில போன். லைன் திறந்து கிடக்கு. நான் வந்து கதிரையில இருக்க முதலே திறந்து வைச்சவ. என்ர கையை எடுத்து விரிச்சா. விரலில பெலமில்லை, ரெண்டு தரம் நழுவிப்போச்சு. மூண்டாம் தரம் போனை என்ர உள்ளங்கையில வைச்சு, என்ர விரலை ஒவ்வொண்டா அதுக்கு மேல மடிச்சுவிட்டா. அஞ்சையும் மடிச்சு முடிச்சுப்போட்டு, மெல்ல மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தா.